கொம்புள்ள ஹெர்ஃபோர்டை மற்ற இறைச்சி இனங்களோடு கலப்பது: முழுமையான வழிகாட்டி

செவலை உடலும் வெள்ளை முகமும் கொண்ட ஹெர்ஃபோர்டு என்ற இறைச்சி மாட்டினத்தை மற்ற இனங்களோடு கலக்கும் பண்ணைக்காரர்களில் பலரும் கன்றை மட்டுமே கணக்கில் வைக்கிறார்கள். சந்தையில் விலை போவது அதுதான் என்பதால் அது இயல்பே. ஆனால் கலப்பின் பெரிய வரவு, அந்தக் கன்று வளர்ந்து தாயாக நிற்கும்போதுதான் கைக்கு வருகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் ஆகிய மூன்று இனங்களை வைத்துப் பல ஆண்டுகள் நடந்த சோதனை இதை எண்களாகவே காட்டியது. காளைக்கு விட்ட பசு ஒன்றுக்கு, பால்குடி மறக்கும் வயதில் கிடைத்த கன்று எடையை அளந்தார்கள். தூய இனத் தாய்க்குக் கலப்புக் கன்று பிறந்தபோது அது 8.5% கூடியது. தாயும் கலப்பாக இருந்தபோது அதற்கு மேல் இன்னும் 14.8% கூடியது. இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 23%.

ஆகவே இந்த வழிகாட்டியில் தாய்க் கிடேரியை உருவாக்குவதற்கும், அடுத்த தலைமுறையில் அந்த வரவைத் தொலைக்காமல் இருப்பதற்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மொன்டானா முதல் டெக்சஸ் வரையுள்ள அமெரிக்கப் புல்வெளிப் பண்ணைகளை மனதில் வைத்தே அளவுகள் தரப்பட்டுள்ளன.

கொம்புள்ள வழி ஏன்?

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டுஷயரில் உருவான இந்த இனத்தை 1817இல் ஹென்றி கிளே கென்டக்கிக்குக் கொண்டுவந்தார். அப்போது எல்லாமே கொம்புள்ள மாடுகள். 1901இல் அயோவாவைச் சேர்ந்த வாரன் கேமன், தற்செயலாகக் கொம்பில்லாமல் பிறந்த ஹெர்ஃபோர்டுகளைத் தேடித் திரட்டி மோழை வழியைத் தொடங்கினார். இரு வழிக்கும் தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1995இல் ஒன்றாயின. இன்று இரண்டும் ஒரே இனம், ஒரே பதிவேடு.

கொம்புள்ள வழியின் பலம் அதன் நெருக்கமான வம்சங்களில் இருக்கிறது. மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியில் உள்ள அரசு ஆய்வு நிலையத்தில் 1934இல் தொடங்கிய 'லைன் 1' மந்தை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளி ரத்தம் சேர்க்காமல், தந்தைவழிச் சகோதரர்களான இரண்டு காளைகளை வைத்துத் தொடங்கிய வம்சம் அது. இப்படி உள்ளுக்குள்ளேயே பெருகிய வம்சத்தின் காளை, கன்றுகளுக்கு ஒரே சீரான குணங்களைக் கடத்தும். தூரத்து இனத்தோடு சேரும்போது கலப்பு வீரியமும் (கலப்பால் பெற்றோரின் சராசரிக்கு மேல் கன்றுக்குக் கூடும் பலம்) நன்றாக வெளிப்படும். சாந்த குணம், வறண்ட புல்லில் உடம்பைத் தக்கவைப்பது, நீண்ட நாள் உழைப்பது ஆகியவை ஹெர்ஃபோர்டு கொடுக்கும் சீதனம். பால் சற்றுக் குறைவு, கண் இமையிலும் மடியிலும் நிறமில்லாத தோல், கொம்பு ஆகியவை அதன் குறைகள். கலப்பில் துணை இனத்தைத் தேர்ந்தெடுப்பதே இந்தக் குறைகளை மூடத்தான்.

படி 1: துணை இனத்தைத் தேர்ந்தெடுத்தல்

*ஆங்கஸ்.* குளிர்ந்த, மிதமான நாடுகளில் இதற்கு மாற்று கிடையாது. முதல் தலைமுறைக் கன்று கருப்பு உடலும் வெள்ளை முகமுமாகப் பிறக்கும். 'பிளாக் பால்டி' என்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெயர் பெற்றது இதுதான். கண்ணைச் சுற்றி நிறம் ஏறுவதால் கண் புற்றும் கண் நோயும் குறைகின்றன. பாலும் இறைச்சிக் கொழுப்புப் படிவும் கூடுகின்றன. தாய்க் கிடேரி வேண்டுமென்றால் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். செவலை ஆங்கஸோடு கலந்தால் செவலை உடல், வெள்ளை முகம்.

*சிமென்டல்.* பாலும் உடல் அளவும் கூடும். ஆனால் பால் அதிகமான தாய்க்குத் தீனியும் அதிகம். புல் மெலிந்த மேய்ச்சலில் அந்தக் கிடேரி முதல் கன்றுக்குப் பின் சினைப்பிடிக்காமல் நின்றுவிடும். வைக்கோலும் தீவனமும் தாராளமாக உள்ள இடத்துக்கே ஏற்றது.

*ஷாரோலே, லிமோசின்.* இவை விற்பனைக் கன்றுக்கான காளைகள். ஷாரோலே காளை நிறத்தை வெளுக்கவைப்பதால் ஹெர்ஃபோர்டு பசுவுக்கு மஞ்சள் அல்லது சந்தன நிறக் கன்று வெள்ளை முகத்தோடு பிறக்கும். தசை ஏற்றம் சிறப்பு. ஈற்றுக்குப் பழகிய பசுக்களுக்கு மட்டுமே விட வேண்டும். தலைஈற்றுக் கிடேரிக்கு ஷாரோலே விடுவது கன்றையும் தாயையும் ஒருசேர இழக்கும் வழி.

*பிராமன்.* வெப்பமும் உண்ணியும் உள்ள, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களுக்கு உரியது. ஓங்கோல் (அங்கே நெல்லூர் என்பார்கள்), கிர், காங்கிரேஜ் போன்ற நம் திமில் மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் இது. மரபுத் தூரம் மிக அதிகம் என்பதால் கலப்பு வீரியமும் மற்ற எல்லாச் சேர்க்கையையும்விட அதிகம். புலிவரி போட்ட முதல் தலைமுறைக் கிடேரிகளுக்குத் தெற்கே நல்ல விலை. ஒன்றை மறக்கக் கூடாது: இங்கே எந்தப் பக்கம் காளை என்பது உயிர்ப் பிரச்சினை. பிராமன் காளையை ஹெர்ஃபோர்டு பசுவுக்கு விட்டால் கன்று, குறிப்பாகக் காளைக் கன்று, வயிற்றிலேயே பெரிதாகி ஈனுவது சிரமமாகும். ஹெர்ஃபோர்டு காளையைப் பிராமன் பசுவுக்கு விட்டால் கன்று சிறிதாகப் பிறந்து சுலபமாக வெளிவரும். இனங்கள் அதே இரண்டுதான், ஆனால் பிறப்பு எடை அப்படி மாறுகிறது. இந்தக் கலப்புக் கிடேரிகள் பருவத்துக்கு வரவும் தாமதமாகும். 15 மாதத்தில் காளைக்கு விடத் தயாராகாதவை பல.

படி 2: கொம்பு, நிறம், முகம் பற்றிய கணக்கு

இதைக் காளை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே பிரியும்.

மோழைத் தன்மை ஓங்கு குணம்; அதாவது ஒரு மரபணு இருந்தாலே வெளிப்படும். கொம்புள்ள மாட்டிடம் மோழை மரபணு ஒன்றுகூட இல்லை. தூய ஆங்கஸிடம் இரண்டு உண்டு. எனவே கொம்புள்ள ஹெர்ஃபோர்டு காளைக்கும் ஆங்கஸ் பசுவுக்கும் பிறக்கும் முதல் தலைமுறை முழுவதும் மோழை. சிலவற்றுக்கு, அதிலும் காளைக் கன்றுகளுக்கு, மண்டையோட்டில் ஒட்டாமல் தோலோடு ஆடும் குட்டிக் கொம்பு முளைக்கலாம். அது வேறு மரபணுவின் வேலை.

கருப்பும் அப்படியே: கருப்பு ஓங்கியது, ஹெர்ஃபோர்டின் செவலை ஒடுங்கியது. வெள்ளை முகமும் ஓங்கு குணம்தான், ஆனால் ஒரே ஒரு மரபணு இருந்தால் வெள்ளை பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடும். தூய ஹெர்ஃபோர்டில்போல பிடரி, மார்பு, அடிவயிறு முழுக்கப் பரவாது.

சிக்கல் இரண்டாம் தலைமுறையில். கருப்பு வெள்ளைமுகக் கிடேரியை மறுபடி கொம்புள்ள ஹெர்ஃபோர்டு காளைக்கு விட்டால், சராசரியாக நாலில் ஒன்று கருப்பு மோழை, ஒன்று கருப்புக் கொம்பு, ஒன்று செவலை மோழை, ஒன்று செவலைக் கொம்பு. பாதிக் கன்றுகளுக்குக் கொம்பு சுட வேண்டும். விற்கும் கூட்டமும் நாலு விதமாக இருக்கும். ஒரே சீரான கூட்டத்துக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடைக்காது. அதே கிடேரியை கருப்பு ஆங்கஸுக்கு விட்டால் எல்லாம் கருப்பு, எல்லாம் மோழை, பாதிக்கு வெள்ளை முகம். முதல் தலைமுறை மாடுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று கொம்போடும், நாலில் ஒன்று செவலையாகவும் பிறக்கும்.

பிராமன் பெரும்பாலும் கொம்புள்ளது. அதனால் அந்தக் கலப்பில் முதல் தலைமுறையிலேயே கொம்பு உண்டு. ஷாரோலே, சிமென்டல், லிமோசினில் காளைக்குக் காளை மாறும். வால் மயிரை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் காளையிடம் மோழை மரபணு இரண்டா, ஒன்றா, இல்லையா என்று தெரிந்துவிடும். விற்பவர் சொல்வதை நம்புவதைவிட இது மலிவு.

படி 3: காளையைப் பொறுக்குதல்

கலப்பு வீரியம் இரு பெற்றோரின் சராசரிக்கு மேல்தான் சேரும். சராசரியே தாழ்ந்திருந்தால் வீரியம் சேர்ந்தும் பயனில்லை. 'எப்படியும் கலப்புக் கன்றுதானே' என்று மட்டமான காளை வாங்குவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு.

வாரிசு மதிப்பீட்டு எண்களில் (காளையின் கன்றுகள் எப்படி இருக்கும் என்று கணித்துத் தரும் எண்கள்) முதலில் ஈனும் சுலபம், பிறகு பால்குடி மறக்கும் எடை, பால், முதிர்ந்த எடை என்ற வரிசையில் பாருங்கள். ஓர் இனத்தின் மதிப்பீட்டை இன்னோர் இனத்தின் மதிப்பீட்டோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. இரண்டின் அடித்தளமும் வேறு. நெப்ராஸ்காவின் கிளே சென்டரில் உள்ள இறைச்சிக் கால்நடை ஆய்வு மையம் வெளியிடும் திருத்த எண்களைச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். ஹெர்ஃபோர்டு காளையை ஆங்கஸ் வழிப் பசுக்களுக்கு விட்டுத் தாய்க் கிடேரி எடுப்பவர்களுக்காக அமெரிக்க ஹெர்ஃபோர்டு சங்கம் 'பால்டி தாய்மைக் குறியீடு' என்று தனி எண்ணே தருகிறது. கன்று எல்லாவற்றையும் விற்பவர்களுக்கு வேறு குறியீடு உண்டு. நோக்கத்துக்குப் பொருந்தாத குறியீட்டைப் பார்த்துக் காளை வாங்காதீர்கள்.

நேரில் பார்க்க வேண்டியவை: கண் இமை விளிம்பில் செவலை நிறம் இருக்கிறதா, விதைப்பைச் சுற்றளவு (15 மாதம் வரை குறைந்தது 30 செ.மீ., இரண்டு வயது தாண்டினால் 34 செ.மீ.), கால், குளம்பு, நடை. விந்துச் சோதனையில் குறைந்தது 30% முன்னோக்கி நீந்த வேண்டும், 70% இயல்பான வடிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பசுக்களோடு இருந்த காளை என்றால் டிரைக்கோமோனாஸ் சோதனை கட்டாயம். அந்தக் கிருமி காளையிடம் எந்த அறிகுறியும் காட்டாது. மந்தையில் மூன்றாம் மாதத்துக்குள் கருக்கலைந்து பசுக்கள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும்போதுதான் தெரியும்.

ஹெர்ஃபோர்டில் சோதிக்க வேண்டிய மரபுக் கோளாறுகள்: மயிரின்மை, வலிப்பு, மேப்பிள் சாறு வாசச் சிறுநீர் நோய், தாடை முகக் குறைபாடு, நிறம் வெளுக்கும் மரபணு. முதல் நான்கும் ஒடுங்கு குணங்கள். வேறு இனத்தோடு கலக்கும்போது இவை வெளியே தெரியாது, அதனால் பலர் கவலைப்படுவதில்லை. ஆனால் கலப்புக் கிடேரி அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். அப்படிச் சுமப்பவளை மறுபடி அதையே சுமக்கும் ஹெர்ஃபோர்டு காளைக்கு விட்டால் நாலில் ஒரு கன்று பாதிக்கப்படும். நிறம் வெளுக்கும் மரபணு இன்னும் ஏமாற்றும்: செவலைத் தோலில் கண்ணில் படாது, கருப்பு இனத்தோடு சேர்ந்ததும் சாம்பல் நிறக் கன்றாக வெளிவந்து விலையைக் குறைக்கும்.

படி 4: பசுக்களைத் தயார்ப்படுத்தி இணைத்தல்

கிடேரி 14, 15 மாதத்தில், முதிர்ந்த எடையில் 60 முதல் 65 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். தாய் 570 கிலோ ஆகும் வம்சம் என்றால் கிடேரி 340 முதல் 370 கிலோ. பசுக்கள் ஈனும்போது ஒன்று (மிக மெலிந்தது) முதல் ஒன்பது (மிகக் கொழுத்தது) வரையிலான உடல் நிலை அளவில் ஐந்திலும், தலைஈற்றுக் கிடேரிகள் ஆறிலும் இருக்கட்டும். சினைக்காலம் சுமார் 283 நாள் என்பதால், வருடம் ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினைப்பிடிக்க வேண்டும். மெலிந்து ஈன்ற பசு இந்தக் கெடுவைத் தவறவிடும்.

இயற்கை இணைப்பில் இளம் காளைக்கு அதன் வயது மாதக்கணக்கில் எத்தனையோ அத்தனை பசுக்கள். 15 மாதக் காளைக்கு 15. முதிர்ந்த காளைக்கு 25 முதல் 30. இணைப்புக் காலம் 60, 65 நாளோடு முடியட்டும். அதற்குள் மூன்று பருவச் சுழற்சிகள் வந்துவிடும். காளையை வருடம் முழுவதும் கூடவே விட்டால் எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்ற கணக்கு போய்விடும். அந்தக் கணக்கு இல்லாமல் இனச்சுழற்சி (தலைமுறைக்குத் தலைமுறை காளையின் இனத்தை மாற்றுவது, படி 6) நடத்த முடியாது.

செயற்கைக் கருவூட்டலுக்குப் பரவலாகப் பயன்படும் ஏழு நாள் முறை:

1. முதல் நாள் ஜிஎன்ஆர்எச் (கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்) 100 மைக்ரோகிராம் ஊசி, அதோடு புரோஜெஸ்டிரோன் கருவி யோனியில்.
2. அதிலிருந்து ஏழு நாள் கழித்துக் கருவியை எடுத்துவிட்டு புரோஸ்டாகிளாண்டின் ஊசி (டைனோபுரோஸ்ட் 25 மி.கி.).
3. அங்கிருந்து பசுக்களுக்கு 60 முதல் 66 மணி நேரத்தில், கிடேரிகளுக்கு 52 முதல் 56 மணி நேரத்தில் கருவூட்டல்; அதே வேளையில் இரண்டாவது ஜிஎன்ஆர்எச் ஊசி.
4. உறைவிந்துக் குச்சியை 35 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 45 விநாடி. வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்து, 15 நிமிடத்துக்குள் செலுத்திவிட வேண்டும்.

புரோஸ்டாகிளாண்டின் மருந்தைக் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடக் கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும். பிராமன் ரத்தமுள்ள பசுக்களில் இந்த முறையின் பலன் குறைவு.

படி 5: ஈற்றும் கொம்பு சுடுதலும்

பனிக்குடம் தெரிந்தபின் பசுவுக்கு அரை மணி, கிடேரிக்கு ஒரு மணி நேரம் முன்னேற்றமில்லாமல் கடந்தால் கை கொடுக்க வேண்டும். சீம்பால் நாலு மணி நேரத்துக்குள் குறைந்தது இரண்டு லிட்டர், 12 மணி நேரத்துக்குள் இன்னும் இரண்டு. கன்றுக்கு அன்றே காது வில்லை போடுங்கள். வில்லையின் நிறம் தந்தையின் இனத்தைச் சொல்லட்டும்: ஹெர்ஃபோர்டு காளைக்குப் பிறந்தது சிவப்பு, ஆங்கஸ் காளைக்குப் பிறந்தது மஞ்சள் என்பதுபோல. அற்பமான வேலையாகத் தெரியலாம், ஆனால் அடுத்த பத்து வருடச் சுழற்சி இந்த வில்லையில்தான் நிற்கிறது.

கொம்புக் குருத்து ஏறக்குறைய இரண்டு மாத வயதில் மண்டையோட்டோடு இணையும். அதற்கு முன் சுட்டால் காயம் மேலோடு போகும். பிந்தினால் மண்டையின் உட்குழி திறந்துகொள்ளும், ஈப்புழு வைக்கும். கால்நடை மருத்துவர் துணையோடு, கண்ணின் வெளி ஓரத்துக்கும் கொம்பின் அடிக்கும் நடுவில், எலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே 2% லிக்னோகைன் மரப்பு மருந்தைப் பக்கத்துக்கு 5 முதல் 10 மி.லி. செலுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, ஊசியால் குத்திப் பார்த்து உணர்வில்லை என்றால் மட்டும் சுட வேண்டும். மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணி அடுத்த நாளின் வலியைத் தாங்க உதவும். செந்தணலாகக் காய்ந்த இரும்பைக் குருத்தைச் சுற்றிச் சுமார் 10 விநாடி சுழற்றுங்கள்; செப்பு நிற வளையம் தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். கூடுதலாக அழுத்தினால் சின்னக் கன்றின் மூளையைச் சூடு எட்டும். வளையம் முழுமையாகாவிட்டால் கோணல் கொம்பு மீண்டும் முளைக்கும்.

காரப் பசை பிறந்த முதல் வாரத்தில் வேலை செய்யும். ஆனால் தாயோடு மேயும் இறைச்சிக் கன்றுக்கு அது ஏற்றதல்ல. பால் குடிக்கும்போது பசை தாயின் மடியைப் பொசுக்கும், மழையில் கரைந்து கன்றின் கண்ணில் வழியும்.

படி 6: இரண்டாம் தலைமுறையை நடத்துதல்

நன்றாகத் தொடங்கிய பல பண்ணைகள் சறுக்குவது இங்கேதான். அருமையான கருப்பு வெள்ளைமுகக் கிடேரிகள் கிடைத்த பிறகு, அவற்றுக்கு எந்தக் காளை என்ற கேள்விக்கு மூன்று நேர்மையான விடைகள் உண்டு.

முதலாவது, இரண்டு இனச் சுழற்சி. ஹெர்ஃபோர்டு தந்தைக்குப் பிறந்த கிடேரிகள் எல்லாம் ஆயுள் முழுக்க ஆங்கஸ் காளைக்கு. ஆங்கஸ் தந்தைக்குப் பிறந்தவை ஹெர்ஃபோர்டு காளைக்கு. சில தலைமுறைகளில் ரத்தம் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று நிலைபெறும். முழுக் கலப்பு வீரியத்தில் 67% நிரந்தரமாகத் தங்கும். மூன்றாவது இனத்தையும் சேர்த்தால் 86%, ஆனால் மூன்று மேய்ச்சல் பிரிவுகள் வேண்டும். ஒரே காளை வைக்கும் சிறு பண்ணை, சில வருடங்களுக்கு ஒருமுறை காளையின் இனத்தை மாற்றிக்கொள்ளலாம். வீரியம் சற்றுக் குறைந்தாலும் வேலை எளிது. காளை தன் மகளைச் சேர்வதற்கு முன் மாற்றிவிட வேண்டும் என்பது மட்டும் விதி. இந்தச் சுழற்சியில் ஹெர்ஃபோர்டு முறை வரும்போது கொம்பு சுடும் வேலை கூடவே வரும். அது வேண்டாம் என்றால் அந்த முறைக்கு மட்டும் இரண்டு மோழை மரபணுவுள்ள ஹெர்ஃபோர்டு காளையை வாங்கலாம். இனம் ஒன்றே, வீரியத்தில் குறை வராது.

இரண்டாவது, முடிவுக் காளை முறை. கலப்புத் தாய்களை ஷாரோலே போன்ற மூன்றாம் இனத்துக்கு விட்டு, பிறக்கும் எல்லாக் கன்றையும் விற்றுவிடுவது. தாயிலும் கன்றிலும் வீரியம் நூற்றுக்கு நூறு. ஆனால் தாய்க் கிடேரிகளை ஒவ்வொரு வருடமும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். நம்பகமான இடம் கிடைத்தால், சிறு பண்ணைக்கு இதுவே சிறந்த வழி என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது, இரண்டையும் இணைப்பது. இளம் பசுக்களும் கிடேரிகளுமான ஏறத்தாழ பாதி மந்தை சுழற்சியில் நின்று கிடேரிகளைத் தரும். ஈற்றுக்குப் பழகிய மறு பாதி முடிவுக் காளைக்குப் போகும். நூறு பசுவுக்கு மேல் இருந்தால்தான் இதற்கான வேலிகளும் காளைகளும் கட்டுப்படியாகும்.

இம்மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று நடைமுறையில் பரவலாக உண்டு: நிறத்தைப் பார்த்துக் கிடேரி நிறுத்துவது. வெள்ளை முகம் ஓங்கு குணம் என்பதால், கருப்பு வெள்ளைமுகம் என்பது ஹெர்ஃபோர்டு ரத்தத்தின் அளவைச் சொல்லாது. பாதி ரத்தமுள்ளவளும் எட்டில் ஒரு பங்கு உள்ளவளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே நிற்பார்கள். கருப்புத் தோலுக்குச் சந்தை தரும் கூடுதல் விலைக்காக வருடா வருடம் ஆங்கஸ் காளையே விட்டு, வெள்ளைமுகக் கிடேரிகளை மட்டும் நிறுத்திக்கொண்டே போனால், நாலைந்து தலைமுறையில் வெள்ளை முகம் போட்ட ஆங்கஸ் மந்தைதான் மிஞ்சும். வீரியம் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் குறைந்திருக்கும். சினைப்பிடிப்புதான் முதலில் சரியும். பண்ணைக்காரர் அதைப் புல்லின் மேலும் மழையின் மேலும் போடுவார்.

சரிபார்க்க இரண்டு கருவிகள் போதும். ஒன்று காது வில்லை. இன்னொன்று கையேட்டில் ஒவ்வொரு பசுவுக்கும் மூன்று குறிப்புகள்: ஈன்ற தேதி, 205 நாளுக்குத் திருத்திய கன்று எடை, அடுத்த சினைச் சோதனையின் முடிவு. இணைப்புக் காலத்தின் முதல் 21 நாளில் சினைப்பிடித்த தாய்களின் மகள்களிலிருந்து, தந்தையின் இனம் வில்லையில் தெளிவாக உள்ளவற்றை மட்டும் நிறுத்துங்கள். கன்று மறக்கும் வேளையில் கண் இமை, மடி, காம்பு, குளம்பு, குணம் பார்த்துக் கழித்து, தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துங்கள்; சினைப்பிடிக்காதவை இணைப்புக் காலம் முடிந்ததும் விற்பனைக்குப் போகட்டும். கருப்பை அல்லது யோனி வெளித்தள்ளிய தாயின் மகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நிறுத்தாதீர்கள்.